படிக்கிற மாதிரி

பருத்தி மானியம் வாங்கிய விவசாயிகளின் பட்டியலை ஊர் அறிய ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டியதற்குச் சாட்சி ஒரு போட்டோ. போட்டோ எடுத்த கையோடு பட்டியலை உரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் வருடா வருடம் அதுதான் நடந்தது. இந்த முறை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நான்கு மூலையிலும் டேப் ஒட்டி முடித்த அதிகாரி, மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த வழியாகப் போன வடமலையைக் கூப்பிட்டார்.

"சும்மா படிக்கிற மாதிரி நில்லுங்க. விரலை ஏதாவது ஒரு பேர் மேல வைங்க. நேச்சுரலா இருக்கணும்."

வடமலை விரலை வைத்தார். அது மெல்லக் கீழே இறங்கி நாற்பத்தேழாவது பெயரில் நின்றது. நல்லப்பன், அவருடைய தம்பி. தொடர்ந்து மூன்று வருடம் மானியம் பெற்றுக்கொண்டதாகப் போட்டிருந்தது. அதே மூன்று வருடமும் "உன் பேரு லிஸ்ட்டுல வரலையேப்பா" என்று இதே ஆபீஸிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன். போன ஆடியில், பருத்திக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டான்.

"எடுத்தாச்சு. நகருங்க பெரியவரே."

வடமலை நகரவில்லை. அதிகாரி ஒவ்வொரு மூலையாக டேப்பை உரித்தார். நான்கும் வந்துவிட்டன. தாள் அந்த ஒற்றை விரலில் சுவரோடு நின்றது.

"கையை எடுங்கன்னா எடுக்கணும்."

"இருங்க சார்," என்றார் வடமலை, திரும்பாமல். "நான் இன்னும் படிச்சு முடிக்கல."