தேக்குத் தூள்

பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்று ராத்திரிச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்க வேண்டாம்.

சோற்று விஷயத்தில் நான் விளையாடுவதில்லை.

காருக்கு அடியில் தட்டு. தட்டில் கிரவுன் ஆயில். கறுப்பாக, கெட்டியாக, பாகு போல இறங்கிக்கொண்டிருந்தது.

கார்க்காரர் குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் குனிந்தேன்.

மெக்கானிக் ஆறுச்சாமி விரலை விட்டு எடுத்தார். தேய்த்தார். முகர்ந்தார்.

"ஏனுங்ணா, மரத்தூளுங்ணா இது."

கார்க்காரர் சிரித்தார். பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரவுன் பல்சக்கரப் பெட்டிக்குள் மரத்தூளுக்கு என்ன வேலை.

"தேஞ்ச வண்டிய விக்கறவங்க போடறதுதானுங்ணா. பல்லு அரைக்கற சத்தம் வெளிய கேக்காது. வாங்கறவன் தலையில கட்டீரலாம்."

சிரிப்பு நின்றது.

வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் மர மில்லை மூடிவிட்டுச் சென்னைக்குப் போனபோது தம்பிக்கு விற்றது. சொன்ன விலைக்கு வாங்கினார். அண்ணனிடம் போய் யாராவது பேரம் பேசுவார்களா.

சாவியோடு அண்ணன் ஒரு புத்திமதியும் கொடுத்திருந்தார்.

எதை வேண்டுமானாலும் மாத்து. கிரவுன் ஆயிலை மட்டும் கழட்டாதே. குறைஞ்சா மேலே ஊத்திக்கோ.

இத்தனை வருடமும் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார். எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்வார். எங்கண்ணன் வண்டி. பூனை மாதிரி போகும்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். அண்ணன் ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதே வண்டியில் ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்துவர வேண்டும். வேறு எந்த ஆசையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

மகள்தான் பெங்களூரிலிருந்து சிந்தெடிக் ஆயில் வாங்கி அனுப்பினாள். பெரியப்பா உட்காரப்போகிற வண்டி, பழசையெல்லாம் இறக்கிவிட்டு இதை ஊற்றுங்கள் அப்பா என்று.

இறக்கினோம்.

தூள் நிற்கவில்லை. இன்னொரு தட்டு வைத்தோம். அதுவும் நிறைந்தது. அமுக்கிப் பலகையாக்கினால் மணமக்களுக்குக் கட்டில் செய்யலாம்.

நான் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன்.

தேக்கு.

அண்ணன் எதிலும் மட்டச் சரக்குப் போடமாட்டார்.

புது ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. ஊற்றி மூடினோம். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

வண்டி அலறியது.

நூல் மில்லைத் தாண்டும்போது, ஷிப்டு சங்கென்று நினைத்து ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வெளியே வந்துவிட்டார்கள். தென்னை மரத்தில் இருந்த ஒருவர் இன்னும் இறங்கவில்லை.

கார்க்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானுங்ணா இருந்திருக்கோணும்," என்றார் ஆறுச்சாமி. "கிரவுன் செட்டையே மாத்தீரலாம். ஒரு வாரம் குடுங்க."

ரயில் மறுநாள் காலை.

"அந்தத் தூள எங்க போட்டே?"

"தட்டுலயே கெடக்குதுங்ணா."

"மறுபடியும் போடு."

"சிந்தெடிக்குக்குள்ளயா! பாப்பா வாங்கி அனுப்புன ஆயிலுங்ணா."

"போடப்பா. அண்ணன் காதுல விழுந்தா சங்கடப்படுவாரு."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார்.

நான் பழனி இருக்கும் திசையைப் பார்த்தேன்.

கடைசியில் கார்க்காரரே தரையில் உட்கார்ந்தார். திருநீற்றை அள்ளுவது போல, சிந்தாமல் அள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை அண்ணன் ரயிலைவிட்டு இறங்கினார். சலவை வேட்டி. முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் நான்.

வண்டி பூனை மாதிரி போனது.

நூல் மில்லைத் தாண்டினோம். யாரும் வெளியே வரவில்லை.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். இல்லாத சத்தத்தை.

"கிரவுன் ஆயில் மாத்துனியாடா?"

"இல்லீங்ணா. நீங்கதான் வேண்டாம்னு சொல்லியிருந்தீங்களே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தை வந்தபோது, கியர் போட்டுக்கொண்டிருந்த தம்பியின் கைமேல் தன் கையை வைத்தார். எடுக்கவில்லை. அதனால் மண்டபம் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்து சேர்ந்தோம்.

வாசலில் நின்று பன்னீர் தெளித்ததும் அண்ணன்தான். பெண்ணுக்குப் பெரியப்பா என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். கடைசித் தாம்பூலப் பை போகும்வரை உட்காரவில்லை.

எல்லாம் என் கண்ணால் பார்த்தது. ஒன்றும் கூட்டவில்லை.

சந்தேகமென்றால் தம்பியையே கேளுங்கள். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். சில இடங்களில், அண்ணன் என்ன நிற வேட்டி கட்டியிருந்தார் என்று என்னைக் கேட்பார்.

அண்ணன் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை.