தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி

ஒரு டிரான்ஸ்பார்மரின் இரும்புச் சட்டத்துக்குள் காந்த ஓட்டம் ஒன்று நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விரட்டி வேலை வாங்குவது செம்புச் சுருள்.

"இந்தத் துளி வழியைச் சுற்றி வர உனக்கு இவ்வளவு மூச்சு வாங்குமா?" என்று ஒருநாள் சுருள் எரிந்து விழுந்து, பக்கத்தில் கிடந்த நாடாவைக் கூப்பிட்டது. "ஏய் அளவு நாடா, வழி எவ்வளவு நீளமென்று பார்த்துச் சொல்."

நாடா நியாயஸ்தன். உள்விளிம்பில் அளந்தால் குறையும், வெளிவிளிம்பில் அளந்தால் கூடும் என்று சட்டத்தின் நட்டநடுவே ஊர்ந்து அளந்தது. "ஒரு முழம்கூட இல்லைங்க" என்றது.

"நாடா அண்ணே," என்று காந்த ஓட்டம் கெஞ்சியது. "இரும்பில் எவ்வளவு தூரமானாலும் ஓடிவிடுவேன். சட்டத்தின் இரண்டு துண்டும் சேராமல் நிற்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே வெறும் காற்றுதான். அதைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது."

நாடா திரும்பி வந்து அந்த இடைவெளியின் மேல் படுத்துப் பார்த்தது. தாள் கனம்தான் இருக்கும். நாடாவின் இரண்டு கோடுகளுக்கு நடுவே அது காணாமலே போயிற்று.

"என் கோட்டில் விழவில்லையேப்பா" என்றது வருத்தமாக. வருத்தம் உண்மைதான்.

பிறகு சுருளிடம் போய்ச் சொன்னது: "வழியில் ஒரு குறையும் இல்லைங்க. போகிறவனுக்குத்தான் மனசில்லை."

சுருள் சூடேறி இன்னும் பலமாக விரட்டியது. காந்த ஓட்டம் இரும்பில் ஓடி, அந்த இடைவெளியின் விளிம்புக்கு வந்தது. மீதி வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இனி மூச்சு வாங்குவதுகூட யார் காதிலும் விழக்கூடாதென்று வாயை இறுக மூடிக்கொண்டு தாண்டியது.