புல் தின்ற மாடு

"சத்தியமாச் சொல்றேன் மச்சான், ஒரு வார்த்தை பொய் கிடையாது. மாடுதான் குறுக்கே வந்துச்சு."

விடிந்தும் விடியாத நேரத்தில் லுபேகாவின் வாசலில் வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு, வலது கையை வானத்தை நோக்கி உயர்த்தினான் கிசூலே. லுபேகாவின் அக்காள் புருஷன். ஊரில் கார் வைத்திருக்கும் ஒரே ஆள். ஆகவே அவன் சொல்வதை நம்புவது அங்கே ஒரு பழக்கமாகவே இருந்தது.

முன்பக்க பம்பரின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. அதற்குக் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கீறல். லுபேகா குனிந்து விரலால் தடவிப் பார்த்தான்.

"அத்தான், மாடு எப்படிப் பச்சையா ஒட்டும்?"

"மாடு என்னத்தைத் தின்னும்? புல்லுதானே? பச்சையாத்தான் ஒட்டும்."

லுபேகாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வேலை இல்லாமல் பெண்டாட்டியின் வாழைக்காய்க் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனுக்கு எதுவும் சீக்கிரம் நியாயமாகப் பட்டுவிடும்.

"ஒர்க்‌ஷாப் பக்கமே போகாதே. வீட்டுலயே நீயே பெயின்ட் அடிச்சுடு. சுத்தமா முடிச்சுக் குடுத்தா இனிமே நீதான் டிரைவர். டாக்சியா ஓட்டிப் பிழைச்சுக்கோ. கம்பாலாவுல லாரி ஓட்டினவன்தானே நீ?"

"என்ன அத்தான், இப்படிக் கேட்டுட்டீங்க!"

கிசூலே சாவியைத் தூக்கிப் போட்டான். போகும்போது திரும்பி, "யாராச்சும் கேட்டா, போன வாரமே வண்டியைக் குடுத்துட்டாருன்னு சொல்லு. புது டிரைவர்னா எவன் நம்பி ஏறுவான்?" என்றான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு லுபேகா பெயின்ட் கடைக்கு நடந்து போனான். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "ஒரு வாரமா ஓட்டுறேன், வண்டி வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுது" என்றான்.

"அப்புறம் ஏன் நடந்து வர்றே?" என்றாள் கடைக்கார நமகுலா.

"பம்பருக்கு இன்னைக்கு லீவு அக்கா. ஒரு வெள்ளை ஸ்பிரே குடுங்க."

"பிளாஸ்டிக் பம்பரா? சோப்புத் தண்ணில கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய். பிளாஸ்டிக்குக்குன்னு தனி பிரைமர் இருக்கு, அதை முதல்ல அடி. இல்லேன்னா கலர் மேலோடதான் நிக்கும், பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்துடும்."

"லாரிக்கே பெயின்ட் அடிச்ச கை அக்கா இது."

அந்தக் கை தகரக் கதவுக்குக்கூடப் பெயின்ட் அடித்ததில்லை. விளக்குகளைச் சுற்றிச் செய்தித்தாளை ஒட்டினான். விரிசலில் பட்டி வைத்து அமுக்கினான். கழுவவில்லை, தேய்க்கவில்லை. நேரே அடித்தான். ஈரத்தில் உரசிய கோழி ஒன்று, பாதி வெள்ளையாகி அலறிக்கொண்டு ஓடியது. சாயங்காலம் பார்த்தால் பம்பர் சோப்புக்கட்டி மாதிரிப் பளபளத்தது.

"பரவாயில்லையே, இத்தனை வருஷத்துல ஒரு வேலையை முடிச்சுட்டீங்க" என்றாள் பெண்டாட்டி நபோசா. அதற்கு மேல் அவள் யாரையும் பாராட்டியதில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில், சாலை வளைவுக்குக் கீழே கோரைப்புல் சேற்றில் வாஸ்வா பெரியவரின் உடல் கிடைத்தது. சைக்கிளில் வாழைத்தார் கட்டி விற்கும் மனிதர். ரெண்டு நாளாகவே ஆளைக் காணோம். சாராயத்தைப் போட்டுவிட்டு சைக்கிளோடு உருண்டிருப்பார் என்று ஊர் முடிவு செய்தது.

மறுநாளே அடக்கம். அடக்கத்துக்கு வராதவன் மேல் ஊருக்குச் சந்தேகம் விழும். அதனால் எல்லாரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியைப் பெரியவரின் வீட்டுக்கு ஏற்றி வர இருந்தது ஒரே கார்.

"பெரியவருக்கு மரியாதை. இன்னைக்கு நானே ஓட்டுறேன்" என்றான் கிசூலே.

லுபேகா மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிணம் ஏற்றிய வண்டி என்று எதிரில் வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமே. வாஸ்வாவின் மகன் பச்சிலைக் கொத்துகளைக் கொண்டுவந்து, அகலமான டேப்பால் பம்பரில் அழுத்தி ஒட்டினான்.

வீட்டுத் தோட்டத்திலேயே வெட்டிய குழி மூடி முடிந்தது. இலைகளை எடுக்க மகன் டேப்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

டேப்போடு வெள்ளையும் வந்தது. ஒரு துண்டு இரண்டு துண்டு இல்லை. தலையணை உறை கழற்றுவதுபோல் முழுசாக வந்தது. கீழே, புத்தம் புதிதாக, அந்தப் பச்சைக் கீறல்.

மகன் அதைப் பார்த்தான். பிறகு வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் சைக்கிளைப் பார்த்தான். அதே பச்சை. அப்பாவே வாங்கி அடித்த பச்சை.

"யார் ஓட்டினது?" என்றான் மெதுவாக.

கிசூலே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நான் என்னத்தைச் சொல்றது? போன வாரத்துலேர்ந்து சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை பொய் கிடையாது."

"ஆமா, என்கிட்டகூடச் சொன்னான். ஒரு வாரமா ஓட்டுறானாம். பெயின்ட்டும் வாங்கினான்" என்றாள் நமகுலா.

குழி வெட்டியவர்கள் மண்வெட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நெருங்கினார்கள். லுபேகா வாயைத் திறந்தான். சொல்வதற்கு அவனிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. சொன்னால் நம்புவதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை, பெண்டாட்டி உட்பட.

லுபேகாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.