ஞானம் மிதிச்சால்தான் செய்தி

"மிதி ஞானம், மிதி! சத்தம் குறையுது!"

நமசிவாயம் சாய்மனைக் கதிரையிலை கிடந்து கத்துறார். றேடியோ மடியிலை. விரல் குமிழிலை.

ஸ்ராண்டிலை நிக்கிற சைக்கிளிலை ஏறியிருந்து மிதிக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்? அவற்றை மனுசி ஞானாம்பிகை. தசை கரையிற வருத்தக்காரி. சுவரைப் பிடிக்காமல் குசினிக்குப் போகமாட்டாள்.

கோப்பாயிலை கரண்ட் நிண்டதிலை இருந்து எல்லா வீட்டிலையும் இப்பிடித்தான். சண்டையாலை பற்றறிக்கும் அரசாங்கம் தடை. சைக்கிளை மிதிச்சு, டைனமோ வயரை றேடியோவிலை கொழுவித்தான் செய்தி கேக்கிறது. ஆனால் மற்ற வீடுகளிலை மிதிக்கிறது ஆம்பிளையள். இஞ்சை மனுசி மிதிக்கிறாள், புருசன் காலை நீட்டிக்கொண்டு கேக்கிறார். வயர் பாய்க்குக் கீழாலை ஓடி, அந்தாளின்ரை கதிரையடிக்குப் போகுது.

செய்தி கேக்க வந்த எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கே நமசிவாயம்? அவளை இறக்கும், நான் மிதிக்கிறன்."

"நீங்கள் மிதிச்சால் றேடியோ எரிஞ்சு போம் பாலேசக்கா. பேசாமல் இருந்து கேளுங்கோ."

என்ன திமிர்! ஒழுங்கைச் சனமெல்லாம் முற்றத்திலை இருக்குது. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அவைக்குச் செய்திதான் பெரிசு.

"ஞானம், இப்ப என்ன சொன்னவன்? சொல்லு பாப்பம்."

"கப்பல் ஒண்டு வருதாம். மாவும் சீனியும் ஏத்திக்கொண்டு."

"எங்கை வருதாம்?"

"பருத்தித்துறைக்கு."

மடியிலை றேடியோவை வைச்சுக்கொண்டு மிதிக்கிறவளிட்டைச் செய்தி கேக்கிற மனுசனை எங்கையாவது கண்டிருக்கிறியளே? காதென்ன செவிடே?

கொஞ்சத்தாலை திரும்பவும், "எப்ப வருதாம்?"

"நா... நாளை..." ஞானத்துக்கு மூச்சு வாங்கிச்சுது.

"காணும், இறங்கு!"

றேடியோ நிண்டுது. அதுகும் நல்ல செய்தியின்ரை நடுவிலை! சனம் முணுமுணுத்துக்கொண்டு எழும்பிச்சுது. நமசிவாயம் அவளைத் தூக்கி இறக்கி, அவளின்ரை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். செய்யிறதையும் செய்துபோட்டுக் கொஞ்சல் வேறை.

வெளிக்கிடேக்கை நான் ஞானத்தைக் கேட்டன். "ஏனடி, இந்தக் கண்டறியாத செய்திக்காகச் சாகப்போறியே?"

"அவரை ஏசாதேங்கோ அக்கா." அவள் சிரிச்சாள். "நான் மிதிக்காட்டி இந்த ஒழுங்கைக்கே செய்தி இல்லை, தெரியுமே?"

விசரி. குரங்கின்ரை கையிலை பூமாலையைக் குடுத்த கதைதான் எண்டு புறுபுறுத்துக்கொண்டு வந்திட்டன்.

அந்தக் கிழமையே என்ரை மருமோன் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்தான். உடுப்புக்குள்ளை ஒளிச்சு ரண்டு பற்றறி கொண்டு வந்தவன். ஆருக்கும் குடாதேங்கோ மாமி எண்டுதான் தந்தவன். நான் நேரை ஞானம் வீட்டுக்கு நடந்தன்.

ஞானம் உள்ளுக்குச் சாமிக்கு விளக்கேத்திக்கொண்டு நிண்டாள். றேடியோ கதிரையிலை இருந்தது.

"இந்தாரும் பற்றறி! இனி அவள் மிதிக்கத் தேவையில்லை!" றேடியோவைத் தூக்கினன்.

நமசிவாயம் பாஞ்சு வந்தார். "அக்கா, தொடாதேங்கோ!"

நான் விடுவனே? பின்மூடியைத் திறந்தன்.

உள்ளுக்கு ரண்டு பற்றறி ஏற்கெனவே இருந்தது.

பாயைத் தூக்கிப் பாத்தன். டைனமோ வயரின்ரை மற்ற முனை கதிரைக் காலிலை கட்டிக் கிடந்தது.

"என்ன கோதாரி இது நமசிவாயம்?"

"மெல்லமாய்க் கதையுங்கோ அக்கா." அந்தாள் உள்ளுக்கு எட்டிப் பாத்தார். "காலுக்கு வேலை குடுக்காமல் படுத்தால் மிச்சத் தசையும் போயிடுமாம். கனக்க மிதிச்சாலும் போயிடுமாம். கதைச்சுக்கொண்டு மிதிக்க ஏலுமெண்டால் அதுதான் அளவெண்டு டொக்டர் சொன்னவர். அதுதான் கேள்வி கேக்கிறனான். பேச்சு முறிஞ்சால் நிப்பாட்டுறனான்."

"அதுக்கேன் இந்தக் கள்ளம்?"

"முதல் நாள் வயரை உண்மையாத்தான் கொழுவினனான். அவள் மிதிச்ச மிதிக்கு றேடியோ கர்ரெண்டு இரைஞ்சுதே ஒழியப் பேசேல்லை. 'உதுக்கும் ஏலாதவளாப் போனன்' எண்டு சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தவள்தான். சைக்கிளைத் திரும்பியும் பாக்கேல்லை. பிறகு எங்கையெல்லாமோ அலைஞ்சு பற்றறி தேடினனான் அக்கா. இப்ப செய்திக்கு நேரமெண்டால் அவளே என்னைக் கூப்பிடுறாள்."



சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு ஞானம் வந்தாள். றேடியோவை நமசிவாயம் சட்டெண்டு என்னட்டை இருந்து பறிச்சு முதுகுக்குப் பின்னாலை மறைச்சார். என்ரை கையிலை இருந்த பற்றறியை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை.

"என்னக்கா, பற்றறியே?" அவளின்ரை முகம் செத்துப் போச்சுது. "அப்ப... இனி நான் மிதிக்கத் தேவையில்லையோ?"

"சும்மா போடி! செத்த பற்றறி. என்ரை மருமோன் ஆரிட்டையோ ஏமாந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், மொக்கன்!"

அவள் சிரிச்சுக்கொண்டு சைக்கிளடிக்குப் போனாள். நான் பற்றறி ரண்டையும் நமசிவாயத்தின்ரை கதிரைக்குக் கீழை மெல்லத் தள்ளி விட்டன்.

சனம் வந்து முற்றத்திலை குந்திச்சுது. செய்தி துவங்கிச்சுது. கொஞ்ச நேரத்தாலை நமசிவாயத்தின்ரை விரல் குமிழைத் திருப்ப, றேடியோ மெல்ல அமந்தது. எல்லாரும் நமசிவாயத்தைப் பாத்தினம்.

"மிதி ஞானம், மிதி! சத்தம் குறையுது!"

இந்த முறை கத்தினது நான்.