ஒரே ஒரு கையெழுத்து

இளைஞர் வேலைவாய்ப்புக் கொள்கைத் துறையில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி முடிந்தது. நாட்டில் ஓர் இளைஞர்கூட வேலையின்றி இருக்கக் கூடாது என்று எண்பது பக்க அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, சான்றிதழுக்காக, அந்தப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த சாரின் மேசை முன் வந்து நின்றாள் ஒரு கல்லூரி மாணவி.

"சார், திங்கட்கிழமைக்குள்ள காலேஜ்ல கொடுக்கலேன்னா என் வருஷமே போயிடும். ஒரு கையெழுத்துதான்."

சார் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டு மாதமாக அவளை அதட்டி வேலை வாங்கியவர் அவர்தான். அவர் நடந்து வந்தால் அந்த மாடியே அமைதியாகிவிடும்.

"உட்காரும்மா. அரசாங்க வேலைக்குப் பொறுமைதான் முதல் தகுதி."

பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போனது.

"நீங்களே போட்டுக் கொடுத்துடலாமே சார்? இந்த செக்ஷனே உங்க கையிலதானே இருக்கு?"

சார் பேனாவை மூடினார். முதல் முறையாக அவர் குரல் இறங்கியது.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. நானும் உன்னை மாதிரி கோடைப் பயிற்சிக்கு வந்த ஸ்டூடன்ட்தான். சான்றிதழ்ல கையெழுத்து வாங்கப் போனேன். கொஞ்சம் உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன். நீ சும்மாதானே இருக்கேன்னு ஒரு ஃபைலைக் கொடுத்தாங்க."

"எப்போ சார்?"

"ஆறு வருஷமாச்சு."

"சம்பளம்?"

"பரிசீலனையில இருக்கு."

அதற்குள் அலுவலக உதவியாளர் வந்து, அவள் முன்னால் ஒரு தடித்த கோப்பை வைத்தார்.

"மேடம், கொஞ்சம் இதைப் பார்த்துடுங்க."

மாணவி தீயை மிதித்தவள்போல எழுந்தாள்.

"போனா ஒரு வருஷம்தானே சார் போகும்!" என்றபடி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.