கடலோடு போன அண்ணன்

கல்லறைத் திருநாளன்று ஸ்டானிஸ்லாஸும் மகன் நோயலும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். கடலோடு போன மூத்தவனுக்கு வருடா வருடம் சிலுவையடியில் ஏற்றுவது வழக்கம்.

“காலேஜ்ல இன்னா சொல்லித் தர்றாங்க?” ஹார்பரில் மூட்டை தூக்கும் ஸ்டானிஸ்லாஸ் கேட்டார்.

“நேத்து கொடுவா மீனு பத்தி, நைனா. ஆணாப் பொறந்து, பெருசானா பொட்டையா மாறிடுமாம்.”

“மீனு மாறும். மனுசன்?”

“மனுசன் மீனு மாதிரி இல்லியாம். ஆனா ஆம்பள, பொம்பளன்னு ரெண்டே வகையில எல்லாரும் அடங்கமாட்டாங்களாம். உடம்பும் மனசும் பலவிதமாம். அது நோயும் இல்ல, திமிரும் இல்லன்னாங்க மேடம்.”

“யாரும் சிரிக்கலியா?”

“பசங்க சிரிச்சானுங்க. மேடம் சிரிக்கல.”

கல்லறைத் தோட்டத்து வாசல் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் உள்ளே நுழையாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பினார்.

“இன்னா நைனா, அண்ணனுக்கு ஏத்த வேணாமா?”

“அவன் கடல்ல போவலடா. ஒரு நாள் பொடவ கட்டிகினு வந்து நின்னான். நாந்தான் அடிச்சுத் தொரத்திட்டு, ஊருக்கு அப்டிச் சொன்னேன். நீ அப்ப சின்னப் புள்ள.”

நோயல் மெழுகுவத்தியைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“இப்ப வியாசர்பாடில இருக்குதாம். வா, போவலாம்.”

பஸ் ஏறும்போது ஸ்டானிஸ்லாஸ் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க வந்து அண்ணான்னு கூப்ட்டுறாத. அக்கான்னு கூப்டு.”