எருக்கை வெட்ட வந்த நாள்

“ஆரம்பிச்சுடவா சார்?”

புல்வெட்டும் மிஷினைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார் மிஷின்காரர்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தரைத்தளத்து நர்ஸம்மாவின் ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு எருக்கு மண்டிக் கிடந்தது. ஊடே தும்பை, துத்தி. மற்ற வீடுகளின் முன்னால் எல்லாம் கிராப்பு வெட்டிய தலை மாதிரி சீமைப் புல்.

“எருக்கு முளைக்கிறது பாழடைஞ்ச வீட்லதான். நாம என்ன, பாழும் வீட்லயா குடியிருக்கோம்?”

போன வாரக் கூட்டத்தில் இப்படிக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர் செயலாளரேதான். ‘வெட்டிடலாம்னா கை தூக்குங்க’ என்றதும் அறை முழுக்கக் கைகள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

நர்ஸம்மா இப்போது செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

“கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா.”

“சார், சத்தம் போடாம இங்க வாங்களேன்.”

செயலாளர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார்.

இலையின் அடியில் ஒரு சிறு கூடு, காதில் போடும் தொங்கட்டான் போல. சுற்றிலும் பொன் புள்ளிகள். இந்தப் புள்ளிகளை யார் வைத்திருப்பார்கள் என்று ஒரு கணம் தேடிவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்த அதன் தோல் வழியே, உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

தோல் விரிந்தது. கசங்கிய துணி போல ஏதோ ஒன்று வழிந்து இறங்கித் தொங்கியது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது தன்னைத்தானே நீவி விட்டுக்கொண்டது. மடிப்பு மடிப்பாக, ஓசையே இல்லாமல், இரண்டு சிறகுகள்.

“அடேங்கப்பா…” மிஷின்காரரும் பக்கத்தில் வந்து குந்தியிருந்தார்.

“இதோட புழு இந்த மாதிரிச் செடியைத்தான் திங்கும் சார். நம்ம புல்லைத் தொடவே தொடாது” என்றாள் நர்ஸம்மா.

செயலாளருக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஒருத்தராக மாற்ற முடியுமா? ஒரு வாரமாவது தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று மாடியேறினார்.

மூன்றாவது மாடி டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தாள். அந்தப் பாதியிலேயே தெரிந்தது: சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக் குடுவை, எருக்கங்கிளை, அதை மும்முரமாக மென்றுகொண்டிருந்த வரிவரிப் புழுக்கள்.

“டீச்சர், என்ன இது?”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “எப்படியும் வெட்டிடப் போறீங்க. நாலஞ்சையாவது காப்பாத்தலாமேன்னு… தினம் ஸ்கூலுக்குப் போறப்ப நின்னு பாத்துட்டுத்தான் சார் போவேன்.”

“அப்புறம் ஏன் கை தூக்கினீங்க?”

“எல்லாரும் தூக்கினாங்களே! நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி உக்காந்திருக்க முடியுமா?”

எதிர்க் கதவு மெல்லத் திறந்தது. வங்கிக்காரர். கையில் செருப்புப் பெட்டி, மூடியெல்லாம் ஓட்டை.

“எங்க வீட்லயும் இருக்கு சார்” என்றார், பிடிபட்ட திருடன் மாதிரி. “நான் டீச்சருக்குப் பயந்துல்ல தூக்கினேன்!”

செயலாளர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். மிஷினைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். பட்டாம்பூச்சி இன்னும் கிளையிலேயே சிறகை மெதுவாக மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.

“யாருக்குமே இதை வெட்ட இஷ்டம் இல்லம்மா. ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கிட்டுக் கை தூக்கியிருக்கோம். நீங்க அன்னிக்கே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எந்த முகத்தோட சார் சொல்றது? கடைசி வரிசையில நானும்தான் தூக்கிட்டேன்.”